ஏரியில் விட்டது யார்?

"இழு... இழு... விடாத, இழுடா!"

வலை அசையவில்லை.

கரையில் நின்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார்கள். கயிறு உள்ளங்கைகளை அறுத்தது. காலை வெயிலில் ஏரி தகடு போலக் கிடந்தது.

"அண்ணே... இன்னிக்கு நல்ல பாடு போல இருக்கே!" என்றான் கடைசியில் நின்ற இளைஞன்.

"கண்ணு வெக்காதடா! எல்லாம் அந்தச் சனியனாத்தான் இருக்கும்!"

சனியன்!

அந்த ஏரியில் இப்போதெல்லாம் வலை நிறையப் பிடிபடுகிற ஒரே மீனுக்கு மீனவர்கள் வைத்த பெயர். கடைக்காரர்கள் வைத்த பெயர் 'டேங்க் கிளீனர்'. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக விற்கப்படும் மீன். தொட்டிக்குள் இருக்கிறவரை விரல் நீளம். ஏரிக்குள் வந்துவிட்டால் முழங்கை நீளம்! உடம்பெல்லாம் கவசம். இரண்டு பக்கமும் முள். வலையைக் கிழிக்கும். மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். கரையைக் குடைந்து பொந்து போடும். சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். பூனைகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

வலை மெல்ல மெல்லக் கரையேறியது.

கறுப்புக் கறுப்பாய்ச் சனியன்கள் துள்ளின.

நடுவில்...

ஒரு ஷூ!

பாலீஷ் போட்ட பிரவுன் ஷூ.

"எவன்டா ஏரியில செருப்பை..." என்றபடி குனிந்த இளைஞன், அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான்.

ஷூவுக்குள் கால் இருந்தது.

காலுக்கு மேலே ஒரு முழு மனிதர் இருந்தார். இன்னொரு பழைய வலைக்குள் சுருட்டிக் கட்டப்பட்டு... கண்கள் திறந்தபடி...

"ஐயோ! நம்ம பல் டாக்டர்!"

*

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது கரையில் ஒரு சத்தமும் இல்லை. சனியன்கள் மட்டும் மண்ணில் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

அவளுக்குப் பின்னால் ஏட்டு. ரிட்டயர்மென்ட்டை நெருங்கிய வயது. எந்தச் சாவு வீட்டிலும் ஏதாவது சொல்லிவைத்துத் திட்டு வாங்குகிறவர். இன்று பிணத்தின் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"தெரிஞ்சவரா, ஏட்டு?"

"என் கடவாப்பல்லைப் பிடுங்கினவர், மேடம். வலிக்காமப் பிடுங்கினார். நாப்பது வருஷத்துல என்கிட்ட இருந்து வலிக்காம எதையாவது எடுத்தது இவர் ஒருத்தர்தான்."

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். உச்சந்தலையில் ஆழமான காயம். வேறெங்கும் கீறல் இல்லை. தடுக்கக் கை தூக்கிய அடையாளம்கூட இல்லை.

"இவர் இங்க எதுக்கு வந்தார்? மீன் பிடிக்கவா?"

வயதான மீனவர் ஒருவர் முன்னால் வந்தார்.

"தினமும் சாயந்தரம் வருவாரும்மா. கிளினிக்கைப் பூட்டிட்டு நேரா இங்கதான். எங்ககூட மண்ணுல உக்காந்துக்கிட்டு, வலையில மாட்டின சனியனை ஒவ்வொண்ணாக் கழட்டுவாரு. பல்லு பிடுங்கற கொறடாவாலயே!"

"கொறடாவாலயா?"

"ஆமாம்மா. அதோட முள்ளு வலைக் கண்ணியில பூட்டிக்கும். நாங்க இழுத்தா வலையே கிழிஞ்சிடும். அவர் ரெண்டு ஆட்டு ஆட்டி எடுத்தார்னா நூல்ல கீறல் விழாது. ஒரு டீ வாங்கிக் குடுத்தாக்கூடக் குடிக்கமாட்டாரு."

"ஏன் இதெல்லாம் செஞ்சார்?"

"கேட்டோம். 'பல்லையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு, பெரியவரே'ன்னு சிரிப்பாரு. சிரிப்புன்னு பேரு. கண்ணு சிரிக்காது."

இன்ஸ்பெக்டர் பிணத்தைச் சுற்றியிருந்த வலையைத் தொட்டாள். கிழிந்த இடமெல்லாம் நீல நூலால் ஒட்டுப் போட்டிருந்தது.

"இது உங்க வலையா?"

"எங்களுது வெள்ளை நூல்மா."

"நீல நூல் யார் வீட்டுல?"

எல்லோரும் தங்கள் கால் விரல்களையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க. நானாக் கண்டுபிடிச்சா வீடு வீடா ஏறி இறங்கணும். பிள்ளைங்க பயப்படும்."

பெரியவர்தான் முதலில் நிமிர்ந்தார்.

"கப்பல் வீட்டுல, அம்மா."

"கப்பலா?"

"இருக்கறதுலயே சின்னப் படகு அவனுதுதான். அதனால கிண்டலா வெச்ச பேரு. பழைய மதகு பக்கத்துல தனியா ஒரு வீடு... பாவம்மா அவன். போன மழையில ஒத்தைப் பையனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறான்."

"எப்படி?"

"கரையில சனியன் போட்ட பொந்தை அடைக்கறேன்னு பையன் மண்வெட்டியோட போனான். யாரும் போகச் சொல்லல. அவனாப் போனான். உள்ளுக்குள்ள எல்லாம் குடைஞ்சு வெச்சிருந்தது தெரியல... கரை மொத்தமாச் சரிஞ்சு அவன் மேலயே..."



*

கிளினிக் வரவேற்பறை.

சுவரில் பெரிய பல் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓரத்தில் இடுப்புயர ஸ்டாண்டின் மேல் ஒரு கண்ணாடி மீன் தொட்டி. தண்ணீர் இல்லை. உள்ளே பழைய வாரப் பத்திரிகைகளை அடுக்கியிருந்தார்கள்.

டாக்டரின் மனைவி அழவில்லை. நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற மேஜைக்குப் பின்னால் வழக்கம்போல உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நேத்து ராத்திரி அவர் வரலையே... ஏன் புகார் குடுக்கல?" இன்ஸ்பெக்டர் மென்மையாகத்தான் கேட்டாள்.

"சில நாள் ஏரிக்கரையிலயே உக்காந்திருப்பார், மேடம். நான் கூப்பிட்டா எடுக்கமாட்டார். பழகிப்போச்சு."

"அவருக்கு அந்த ஏரியில என்ன இருந்தது?"

அவள் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு. ரத்தத்துல நோய். ஆஸ்பத்திரியில கண்ணாடி ரூமுக்குள்ள வெச்சிருந்தாங்க. நாங்க வெளியில நின்னு கை ஆட்டணும். இந்தத் தொட்டி அவளுது. எல்லா மீனும் செத்து, கடைசியா ஒரே ஒரு மீன் இருந்தது. கண்ணாடியில ஒட்டிக்கிட்டே கிடக்கும். ஒருநாள் அவ சொன்னா... 'அப்பா, நான்தான் கண்ணாடிக்குள்ள இருக்கேன். அதையாவது திறந்து விட்டுடுங்கப்பா'ன்னு."

ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ போனதுக்கப்புறம் இவர் அந்த மீனை எடுத்துட்டுப் போய் ஏரியில விட்டார். 'பாப்பா கேட்டா, செஞ்சுட்டேன்'னு சொன்னார். அன்னிக்குத்தான் தூங்கினார். அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுப் பேப்பர்ல வந்தது. ஏரியை அழிக்கிற தொட்டி மீன்னு போட்டோவோட..."

"பார்த்துட்டு?"

"பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, 'நான்தான்'னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் வேற மனுஷன். அந்தப் பையன் மண்ணுல புதைஞ்ச அன்னிக்குச் சோறு இறங்கல. நேத்துக் கிளம்பறப்போ, 'இன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிடறேன்'னார்."

"நீங்க தடுக்கலையா?"

"தடுத்தேன், மேடம். 'சொல்லி என்ன ஆகப்போகுது? போன பையன் வரப்போறானா'ன்னு கேட்டேன். 'வரமாட்டான். ஆனா பெத்தவங்களுக்குத் திட்டறதுக்காவது ஒரு ஆள் வேணும்ல'ன்னு சொல்லிட்டுப் போனார்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க...

இன்ஸ்பெக்டர் புறப்படும்போது ஒரு போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தொட்டியின் அருகே கன்னத்தை வைத்துச் சிரிக்கிற சிறுமி. கண்ணாடியின் உட்புறத்தில், அவள் கன்னத்துக்கு நேராக, ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மீன்.

*

பழைய மதகு. ஒற்றை வீடு.

ஜீப் நிற்பதற்கு முன்பே கப்பல் வாசலில் நின்றான். துவைத்த சட்டை. வாரிய தலை.

"வாங்க மேடம். நான்தான் கொன்னேன். போலாமா?"

"என்னய்யா, பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி அவசரப்படற?" என்றார் ஏட்டு.

"சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லைங்க."

"எனக்குக் கேக்கறதுக்கு இருக்கு," என்றபடி இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தாள்.

ஒரே அறை. சுவரில் இருபது வயசுப் பையனின் போட்டோ. மூலையில் கப்பலின் மனைவி உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நீல நூல். யார் வந்தது என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எதால அடிச்சீங்க?"

"துடுப்பால."

"எங்க வெச்சு?"

"இந்த வாசல்ல. அவர் நின்னுட்டு இருந்தார். ஒரே அடி."

"எந்தக் கையால?"

கப்பல் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கையைச் சுற்றி மிக நேர்த்தியாகப் போட்ட ஒரு கட்டு.

"என்ன ஆச்சு?"

"சனியன் முள்ளு குத்திடுச்சு. சீழ் பிடிச்சுக்கிச்சு."

"கட்டு யார் போட்டது?"

அவன் அந்தக் கட்டைக் குனிந்து பார்த்தான்.

"டாக்டர்தான்..."

"பல் டாக்டரா? எப்போ?"

"அதுக்கு முந்தின நாள்... ஏரிக்கரையில வெச்சு... மாத்திரையும் அவரேதான் குடுத்தார்."

"கப்பல்!" என்றார் ஏட்டு. "அடி விழுந்தது உச்சந்தலையில. டாக்டர் உன்னைவிட ஒரு சாண் உசரம். ஸ்டூல் போட்டு ஏறி நின்னு அடிச்சியா? இல்ல, அவரையே கொஞ்சம் பிடிச்சுக்கச் சொன்னியா?"

"நான்தான் சார் கொன்னேன்! எழுதிக்கங்க! நான்தான்..."

"விடுங்க."

மூலையிலிருந்து குரல் வந்தது. தையல் நின்றிருந்தது.

"அவருக்குப் பொய் சொல்ல வராது. நான்தான் அடிச்சேன்."

"ஏய்! சும்மா இரு!" கப்பல் கத்தினான்.

"எத்தனை நேரத்துக்கு?"

அவள் எழுந்து சுவரோரம் கிடந்த உருட்டுக்கட்டையைக் காட்டினாள். கழுவியிருந்தது. கழுவியும் போகாத கறை இருந்தது.

"சனியனை அடிக்கற கட்டை. அதோட மண்டை ஓடு கல்லு மாதிரி. ஓங்கி அடிச்சாத்தான் சாகும்."

"என்ன நடந்தது? மெதுவாச் சொல்லுங்க."

"சாயந்தரம் வந்தார். இவர் படகுகிட்ட இருந்தார். நான் வாங்க உக்காருங்கன்னு சொன்னேன். நாற்காலியில உக்காரல. தரையில உக்காந்தார். என் பையன் போட்டோவையே பார்த்தார். அப்புறம் அழுதார். 'அம்மா, அந்த மீனை ஏரியில விட்டது நான். உங்க பையன் சாவுக்கு நான்தான் காரணம். என்னை என்ன வேணா பண்ணுங்க'ன்னு என் கால்கிட்ட குனிஞ்சார்."

அவள் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள்.

"என்ன வேணா பண்ணுங்கன்னார். பண்ணிட்டேன்."



"நான் வந்து பார்த்தப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு, மேடம்..." கப்பல் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். "ரெண்டு பேருமா வலையில சுத்தி, படகுல ஏத்திக்கிட்டுப் போய்... ஆழத்துல போட்டா மேல வரமாட்டார்னு நெனச்சேன். அவர் கட்டின கையாலயே அவரைத் தூக்கிப் போட்டேன், மேடம்! வலிக்கவே இல்ல... நல்லாக் கட்டியிருந்தார்..."

அவன் மனைவி இன்ஸ்பெக்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்களில் பயம் இல்லை. ஒரு விதமான ஓய்வு இருந்தது.

"என் பையன் போனதுலருந்து நேத்து ராத்திரிதான் நான் தூங்கினேன். அவனைக் கொன்னவனைத்தானே அடிச்சேன்? சொல்லுங்க மேடம். ஆளைத் தப்பா அடிச்சிடலையே?"

"அவரே ஒத்துக்கிட்டார்னு சொல்றீங்களே..." என்று மட்டும் சொன்னாள் இன்ஸ்பெக்டர்.

இருவரும் ஜீப்பில் ஏறினார்கள்.

*

செய்தி ஏரியைவிட வேகமாகக் கரை தாண்டியது.

பல் டாக்டர்தான் சனியனை விட்டவர்!

நேற்று வரை அவருக்காக அழுத ஊர் இன்று காறித் துப்பியது. கிளினிக் பெயர்ப்பலகையில் யாரோ சாணி அடித்தார்கள். முன்பக்கக் கண்ணாடி நொறுங்கியது. ஒரு கூடை நிறையச் செத்த சனியன்களைக் கொண்டுவந்து வாசல் படியில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

டாக்டரின் மனைவி போலீசுக்குப் போன் செய்யவில்லை. பக்கத்து மருந்துக் கடைக்காரர்தான் செய்தார்.

காவலுக்கு ஆள் அனுப்பிவிட்டு நிமிர்ந்த இன்ஸ்பெக்டரின் முன்னால் மீன் ஆராய்ச்சி செய்கிற பெண் நின்றாள். மழைக்கோட்டும் முழங்கால் வரை பூட்ஸுமாக, நேராக ஏரியிலிருந்து வந்தவள். இரண்டு வருடமாகச் சனியனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவள். வழக்குக்கு அவளிடம் ஒரு கருத்துக் கேட்டிருந்தார்கள்.

"இதுதான் அந்த மீன்," என்று இன்ஸ்பெக்டர் போட்டோவை நகர்த்தினாள்.

ஆராய்ச்சிப் பெண் பார்த்தாள்.

மறுபடியும் பார்த்தாள்.

"இது யாரோட மீன்?"

"டாக்டர் வீட்டு மீன். இதைத்தான் ஏரியில விட்டிருக்கார்."

"இதையா?" அவள் முகம் மாறியது. "மேடம்... இது அது இல்ல!"

"என்ன சொல்றீங்க?"

"மூக்கு மேல தாடி மாதிரி முடிமுடியா இருக்கு பாருங்க. இது வேற இனம். எவ்வளவு தீனி போட்டாலும் உள்ளங்கையைத் தாண்டாது. ஏரியில இருக்கறதுக்கு முதுகுல பாய் விரிச்ச மாதிரி பெரிய துடுப்பு இருக்கும். ரெண்டையும் ஒரே பேர்ல விக்கறாங்க. ஆனா பூனைக்கும் புலிக்கும் உள்ள தூரம். அதுலயும் இது ஒத்தை மீன்! ஒத்தை மீன் எங்க போய்க் குடும்பம் நடத்தும்?"

"அப்போ டாக்டர் விட்ட மீன்?"

"மறுநாளே ஏதாவது கொக்கு முழுங்கியிருக்கும்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தாள். மேலே மின்விசிறி கிறீச்... கிறீச்... என்றது.

"அவர் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பேன், மேடம்!" அவள் போட்டோவைத் திருப்பி வைத்தாள். "நான் கரையில மீனை அளந்துக்கிட்டிருப்பேன். அவர் கொறடாவோட என் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பார். என்னைப் பார்த்தாலே தலையைக் குனிஞ்சுக்குவார். கூச்ச சுபாவம்னு நெனச்சேன்..."

ஏட்டு மெல்லக் கேட்டார்: "அப்போ ஏரியில விட்டது யாரும்மா?"

"யார்னு தெரியாது. ஆனா ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரே சமயத்துல நிறையக் குஞ்சுகளைக் கொட்டியிருக்கணும். ஏழெட்டு வருஷம் இருக்கும். வயசான மீனெல்லாம் ஒரே இடத்துலதான் கிடைக்குது."

"எந்த இடம்?"

"பழைய மதகுகிட்ட."

இன்ஸ்பெக்டரும் ஏட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பழைய மதகுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது!

*

லாக்கப்பில் கப்பல் கம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவியைப் பெண்கள் சிறைக்கு அனுப்பியாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் உள்ளே போய் அவன் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"கப்பல், உங்க பையன் எப்பவாவது மீன் வளர்த்தானா?"

அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

"வளர்த்தானாவா? பைத்தியம், மேடம்! பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ, 'அப்பா, ஏரி மீனை நம்பினா அவ்வளவுதான். கலர் மீன்தான் இனிமே'ன்னு பெரிய மனுஷன் மாதிரி பேசுவான். வீட்டுக்குப் பின்னால குழி வெட்டித் தண்ணி நிரப்பி, எங்கயோ கடையில இருந்து வாங்கிட்டு வந்து விட்டான். பார்த்துப் பார்த்துத் தீனி போட்டான். குஞ்சு பொரிச்சுதுன்னு அன்னிக்கு ஆடின ஆட்டம் இருக்கே..."

"அப்புறம்?"

"குழியில பாசி பிடிச்சு, கொசு மொய்ச்சு, நாறிப்போச்சு. அவங்கம்மா கத்தினா. 'வீட்டை வெச்சிருக்கியா, குட்டை வெச்சிருக்கியா? எல்லாத்தையும் கொண்டுபோய் ஏரியில கொட்டு!'ன்னு. பய அழுதான், மாட்டேன்னுட்டான். அவளே பானை பானையா அள்ளிக்கிட்டுப் போய்..."

அவன் நிறுத்தினான்.

சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மனிதன்தான் காணாமல் போயிருந்தான்.

"அந்த மீன் எப்படி இருந்தது, கப்பல்?"

"விரல் நீளம்... புள்ளி புள்ளியா... அழகா இருந்துச்சு மேடம்... கல்லுல ஒட்டிக்கிட்டு..."



"இல்ல மேடம். அது வேற. அது சின்னது. சனியன் எவ்வளவு பெரிசு! அது வேற மேடம்... வேறதானே?"

இன்ஸ்பெக்டர் அவன் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுதான் பதில்.

கப்பல் வீங்கிய கையால் தலையில் அடித்துக்கொண்டான்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! என் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, மேடம்! ஊர்ல எவனும் போகலையே... இவன் மட்டும் ஏன் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தினமும் பொந்து அடைக்கப் போனான்? நான் கேட்டேனே... 'உனக்கென்னடா தலையெழுத்து'ன்னு கேட்டேனே... 'சும்மாப்பா'ன்னானே!"

ஏட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கப்பல் தவழ்ந்து வந்து இன்ஸ்பெக்டரின் முன்னால் கை கூப்பினான். வீங்கிய கை முழுதாகச் சேரவில்லை.

"அவகிட்ட சொல்லிடாதீங்க, மேடம். தூக்குல வேணாப் போடுங்க. நான் வேணா சாகறேன். பிள்ளையைக் கொன்னவனைக் கொன்னுட்டோம்னு நெனச்சுத்தான் அவ உசுர வெச்சிருக்கா. அள்ளிக் கொட்டினது அவ கைதான்னு தெரிஞ்சா..."

*

கிளினிக் வாசல் படியை டாக்டரின் மனைவி தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மீன் செதிலும் நாற்றமும் போகவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அவளை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். போட்டோவைச் சொன்னாள். குழியைச் சொன்னாள். பானையைச் சொன்னாள்.

"நாளைக்கே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடலாம். உங்க கணவர் மேல ஒரு தப்பும் இல்ல. இந்த ஊர் உங்க வாசல்ல வந்து மன்னிப்புக் கேக்கும்."

அவள் தண்ணீர் இல்லாத தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியாமலே போயிடுச்சே, மேடம்..." என்றாள் கடைசியில். "எத்தனை சாயந்தரம்... குனிஞ்ச தலையோட அந்த மண்ணுல... ஒண்ணுமே பண்ணாத மனுஷன்..."

இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக, மீன் வாசனையோடு இருந்தது.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்போ சொல்ல வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சொல்றீங்க? உங்க புருஷனைக் கொன்னவங்க!"

"ஆமா. நான் அவளை மன்னிக்கல மேடம். அது வேற கணக்கு. ஜெயில்ல கிடக்கட்டும். கிடக்கணும்! ஆனா என் பொண்ணு போனப்போ நான் கடவுளைத் திட்டினேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருங்களைத் திட்டினேன். பாவம், இவரையும் திட்டினேன். என்னை நானே திட்டிக்கற நெலமை மட்டும் எனக்கு வரல. அது வந்திருந்தா நான் இன்னிக்கு இருந்திருக்கமாட்டேன். எந்தக் கோர்ட்டும் அந்தத் தண்டனையைக் குடுக்காது. நான் ஏன் குடுக்கணும்?"

"ஊர் உங்க கணவரைத் திட்டுமே..."

"கொஞ்ச நாள் திட்டும். அப்புறம் பல்லு வலி வந்தா வேற டாக்டரைத் தேடிக்கிட்டுப் போகும். ஊருக்கு எவ்வளவு நேரம் ஞாபகம் இருக்கப் போகுது?"

அவள் எழுந்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

*

ஜீப் நகர்ந்தது.

ஏட்டு கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"தூசி, மேடம்."

"கண்ணாடி மூடித்தான் இருக்கு, ஏட்டு."

"உள்ளயே இருந்த தூசி."

ஏட்டு கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். கொன்ன அந்தம்மாவுக்கு உண்மை தெரியாது. செத்தவருக்கும் தெரியாமப் போச்சு. அந்த ஆராய்ச்சிப் பொண்ணுக்குப் பாதிதான் தெரியும், அதையும் நாம கேட்டுக்கிட்டா வெளியில சொல்லாது. முழுசாத் தெரிஞ்சது நாம ரெண்டு பேரு, கப்பல், டாக்டர் சம்சாரம்... நாலு பேரும் வாயைத் திறக்கப்போறதில்ல. குற்றப்பத்திரிகையில நான் என்னன்னு எழுதறது?"

இன்ஸ்பெக்டர் கண்களைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள்.

"அந்தம்மா என்ன நம்பினாங்களோ, அதை எழுதுங்க. ஆனா எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க, ஏட்டு... கோர்ட்டுல அதை மட்டும்தான் கண்டுபிடிப்பாங்க!"